செயற்கை எலும்பு கேட்டு வருகிறவர்களுக்கு

ஆறு வாரங்களுக்கு முன் புறநோயாளிகள் பிரிவில் ஒரு தந்தை தம் கைபேசியை என் மேசைமீது வைத்து, அதில் ஓடிக்கொண்டிருந்த காணொளியைப் பார்க்கச் சொன்னார். முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று வெண்ணிற எலும்பொன்றை அடுக்கடுக்காக வார்த்துக்கொண்டிருந்தது. "நிலத்தை வித்தாவது பணம் கட்டிடறேன் ஐயா, இதையே என் பையனுக்கு வச்சிடுங்க" என்றார். சக்கர நாற்காலியில் இருந்த 24 வயது மகனின் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது, நல்லெண்ணெயும் மஞ்சளும் சீழும் கலந்த வாடை அறை முழுவதும் பரவியது. இருசக்கர வாகன விபத்தில் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்திருக்கிறது. முதல் அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாளே மருத்துவர்கள் தடுத்தும் கேளாமல் வீட்டுக்கு அழைத்துச் சென்று, மூன்று மாதம் நாட்டுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அழுகிய எலும்பை வெட்டி எடுத்தபின் எஞ்சிய இடைவெளி 8 சென்டிமீட்டர். இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது இளைஞர் இவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

செயற்கை எலும்பு என்ற சொல்லைக் கேட்டதும், வண்டிக்கு உதிரிபாகம் மாற்றுவதுபோல அளவெடுத்துச் செய்து பொருத்திவிட்டால் மறுவாரமே நடந்துவிடலாம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். அப்படியன்று. நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் ஹைட்ராக்ஸிஅபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற கால்சியச் சேர்மங்கள். குப்பியைத் திறந்தால் அரிசி நொய் போல வெள்ளைத் துகள்கள் இருக்கும், அவ்வளவுதான். கட்டடம் எழுப்ப சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுகிறோமே, அதே வேலையைத்தான் இத்துகள்கள் செய்கின்றன. சாரம் தானாகச் சுவராகாது. கொத்தனாரும் செங்கல்லும் தண்ணீரும் வந்து சேர வேண்டும். உடலில் கொத்தனார் எலும்பை உருவாக்கும் செல்கள். தண்ணீர் இரத்த ஓட்டம். அந்தச் செல்கள் ஏறிப் பரவுவதற்காகவே இத்துகள்களில் நுண்துளைகள் விடுகிறார்கள்; இரத்தக் குழாய்கள் உள்ளே வளர அத்துளைகள் சுமார் 300 மைக்ரானாவது (0.3 மில்லிமீட்டர்) அகன்றிருப்பது நல்லது. ஒரு செல், தனக்கு அருகிலுள்ள நுண்குழாயிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் பிழைப்பது கடினம். இப்போது 8 சென்டிமீட்டர் இடைவெளியின் நடுப்பகுதியை எண்ணிப் பாருங்கள். கட்டி சுரண்டப்பட்ட குழி போன்ற, சுற்றிலும் நல்ல எலும்பு உள்ள சிறிய இடங்களில் இதே துகள்கள் மிக நன்றாகப் பயன்படுகின்றன. நீளமாகத் துண்டிக்கப்பட்ட எலும்பில், அதுவும் சீழ் பிடித்த இடத்தில், அவற்றை மட்டும் கொட்டி நிரப்பினால் எலும்பு வளராது, கிருமிதான் வளரும்.

இம்முயற்சி நேற்று தொடங்கியதும் அன்று. ஜெர்மானிய மருத்துவர் டிரீஸ்மன் 1892-இலேயே எலும்புக் குழிகளை, மாவுக்கட்டுக்குப் பயன்படும் பாரிஸ் சாந்தால் நிரப்பிப் பார்த்தார். எலும்பிலேயே எலும்பை வளரத் தூண்டும் புரதம் உண்டு என்பதைக் கண்டறிய 1965-இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் வழிகாட்டினார். அவ்வகைப் புரதமொன்று திறந்த கீழ்க்கால் எலும்பு முறிவுகளுக்கென 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இத்தனைக்குப் பிறகும், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் சொந்த எலும்புக்கு ஈடான பொருள் எங்கள் கைக்கு வரவில்லை. அது போதிய அளவு கிடைக்காதபோதுதான் துகள்களைக் கலக்கிறோம். நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலப்பதில்லை.

இந்த இளைஞருக்கு, பிரெஞ்சு மருத்துவர் மஸ்கெலே 1980-களில் உருவாக்கிய முறையைத் தொடங்கியிருக்கிறோம். கெட்டுப்போன எலும்பை முழுவதும் அகற்றி, ஆன்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமெண்டை இடைவெளியில் வைத்தால், ஆறு முதல் எட்டு வாரங்களில் உடல் அதைச் சுற்றி இரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு சவ்வை உருவாக்கும். பிறகு அச்சவ்வைக் கவனமாகத் திறந்து, சிமெண்டை எடுத்துவிட்டு, உள்ளே இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகள்களை நிரப்பித் தைக்க வேண்டும். மற்றொரு வழி, காலைச் சுற்றி வெளியே பொருத்திக் கம்பிகளால் எலும்போடு இணைக்கும் இலிசரோவ் வளையம். அதில் மரையை ஒரு நாளைக்கு நான்கு முறை கால் சுற்றாகத் திருப்பி, நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம், வெட்டிப் பிரித்த எலும்புத் துண்டை இடைவெளிக்குள் நகர்த்த வேண்டும்; அதன் பின்னால் புது எலும்பு வளரும். 8 சென்டிமீட்டரைக் கடக்கவே 80 நாள்கள் ஆகும். அந்தப் புது எலும்பு கெட்டிப்பட்டு வளையத்தைக் கழற்ற ஓராண்டை நெருங்கிவிடும்.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். எலும்பு வெளியே தெரியும் காயத்தில் எண்ணெய், மஞ்சள், காப்பித்தூள், பச்சிலை எதையும் வைக்காதீர்கள்; சுத்தமான ஈரத்துணியால் மூடி, காலை அசையாமல் கட்டி, உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசி எவ்வளவு விரைவாகப் போடப்படுகிறதோ அவ்வளவுக்குக் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு கூடும். சாலையில் எலும்புத் துண்டு விழுந்திருந்தால் எறிந்துவிடாமல் ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்; அதைப் பயன்படுத்த முடியுமா என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். காய்ச்சல் நின்றுவிட்டது, வலி குறைந்துவிட்டது என்று பாதியில் டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதை மறைக்காதீர்கள். பீடியும் சிகரெட்டும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. நான் எத்தனை கவனமாக எலும்பை அடுக்கி வைத்தாலும் ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் அதைப் பட்டினி போட்டுவிடும். வார்டுக் கழிவறையில் ஒளிந்து புகைக்கும் தம்பிகளிடம் இதை ஒவ்வொரு வாரமும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தந்தை நிலத்தை விற்கவில்லை; விற்க வேண்டாம் என்று நானே தடுத்தேன். மகனுக்குச் சிமெண்டு வைத்து இன்றோடு ஐந்து வாரங்கள் நிறைகின்றன. காயம் உலர்ந்திருக்கிறது, சிகரெட்டை நிறுத்திவிட்டார். இரத்தப் பரிசோதனையில் கிருமித் தொற்று இல்லை என்று தெரிந்தால், மூன்று வாரங்களில் இடுப்பெலும்பைத் திறப்போம்.