பட்டடை: கொல்லுலையிலும் பண்ணிலும்

ஆங்கிலத்தில் அன்வில் எனப்படுவது தமிழில் பட்டடை. கொல்லர் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கனத்த கட்டை அது. அடைகல், உலைக்கல் என்றும் பெயருண்டு. ‘எறிதற்குப் பட்டடை’ என்று குறள் 821 கூடாநட்பைச் சொல்வது இந்தப் பொருளில்தான். நடுச்செவியில் சுத்தி, அங்கவடி என்னும் எலும்புகளுக்கு இடையே உள்ள எலும்பும் பட்டடையே. அதன் லத்தீன் பெயரான இன்கஸ், ‘அடித்தல்’ என்னும் வினையிலிருந்து வந்தது. பட்டறை என்றால் இன்று வேலை நடக்கும் இடம். கருவியைச் சொல்லும்போது பட்டடை என்றே எழுதுவது குழப்பம் தராது.

சம்மட்டி ஓசையை ‘கூடத் திண்ணிசை’ என்கிறது பெரும்பாணாற்றுப்படை. அதைக் கேட்டு மாடத்துப் புறா தூக்கம் கலைந்து ஓடுகிறது. ஆனால் இசையே உலைக்களத்தில் பிறந்தது என்ற கதை கிரேக்கர்களுடையது. கொல்லுலை வழியே போன பித்தாகரஸ், சம்மட்டிகள் ஒத்து ஒலிப்பதைக் கேட்டு நிறுத்துப் பார்த்தாராம். எடைகள் 12, 9, 8, 6 என்ற விகிதத்தில் இருந்தனவாம். கி.பி. 100 அளவில் கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ் இதை எழுதினார். 6ஆம் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் போயிதியஸ் சொல்லும் வடிவத்தில், ஒத்துப்போகாத ஐந்தாவது சம்மட்டி ஒன்று ஒதுக்கப்படுகிறது. விவிலியக் கதை வேறு: இசைக்கருவி வாசிப்போருக்குத் தந்தை யூபால், உலோகத் தொழிலுக்கு முதல்வன் தூபால்காயீன், இருவரும் லாமேக்கின் மக்கள், தாய்மார் வேறு. இடைக்கால ஐரோப்பாவில் இவ்விரு கதைகளும் பின்னிக்கொண்டன.

பித்தாகரஸ் கதையில் கணக்கு சரி, கருவிதான் தவறு. ஒரே வடிவமுள்ள சம்மட்டிகளின் சுருதி எடையின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். எடை பாதியானால் அதிர்வெண் 1.26 மடங்குதான் ஏறும்; அது மேல் சட்ஜம் (இரு மடங்கு அதிர்வெண்) அல்ல, ஏறத்தாழ அந்தர காந்தாரம். போதாததற்கு, உலைக்களத்தில் நம் காதில் விழும் கணீரொலி பெரும்பாலும் பட்டடையுடையது. அந்த ஒலி தொல்லையானால் கொல்லர்கள் அதன் இடுப்பில் சங்கிலி சுற்றி அடக்குவார்கள். கணீரென வேண்டிய எஃகுப் பட்டடை மொத்தென்று ஒலித்தால் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வார்ப்பிரும்பு என்றால் இயல்பாகவே மந்தமாகத்தான் ஒலிக்கும்.

அதே எடைகளைத் தந்தியில் தொங்கவிட்டும் ஒத்துப்போயிற்று என்கிறது கதை. அதுவும் நடக்காது. இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே சுருதி உயரும்: இரட்டிப்பு எடைக்கு 1.41 மடங்கு, அதாவது பிரதி மத்யமம். மேல் சட்ஜத்துக்கு நான்கு மடங்கும் பஞ்சமத்துக்கு 2.25 மடங்கும் எடை வேண்டும். 1589இல் வின்சென்சோ கலிலி (கலிலியோவின் தந்தை) இதை எடுத்துக்காட்டும் வரை நூற்றாண்டுக் கணக்கில் பெரும்பாலோர் எடையைக் கட்டிப் பார்க்காமலே கதையைப் படியெடுத்து வந்ததுதான் வியப்பு. 12, 9, 8, 6 பொருந்துவது தந்தியின் நீளத்துக்கு. இழுவிசையை மாற்றாமல் 120 செ.மீ. தந்தியில் குதிரையை (தந்திக்கு அடியில் நிறுத்தும் சிறு தாங்கியை) நகர்த்துங்கள்: 90 செ.மீ. அதிர்ந்தால் சுத்த மத்யமம், 80இல் பஞ்சமம், 60இல் மேல் சட்ஜம். குதிரை உயரமாக இருந்தால் தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். தந்தியைத் தொடும் அளவு உயரமே போதும்.

பட்டடைக்கு இன்னொரு பொருளும் உண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் ‘வண்ணப் பட்டடை யாழ்மேல் வைத்து’ என்னும் அடியில் அது, பழந்தமிழிசையின் ஏழு சுரங்களில் ஒன்றான இளி நரம்பைக் குறிக்கிறது. எல்லாப் பண்ணுக்கும் அடிமணை என்பதால் அந்தப் பெயர் என்பது அடியார்க்குநல்லார் உரை. குரல் என்னும் முதல் சுரம் சட்ஜமானால் இளி பஞ்சமம், அதாவது கதையில் வரும் 12:8. இதை வைத்துத் தமிழிசையும் உலைக்களத்தில் பிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உரை சொல்லும் காரணம் தாங்கும் அடித்தளம்தான், சம்மட்டி அல்ல. இரண்டு பொருளும் ஒரே கட்டுரையில் வந்தால் ‘கொல்லன் பட்டடை’, ‘இளிப் பட்டடை’ என்று பிரித்து எழுதலாம்.