வராத சீட்டுக்குக் கட்டும் பணம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் கடன் ஆலோசனைக்காக என்னிடம் வரும் இளைஞர்களில், போக்கர் ஆடிப் பணம் இழந்தவர்கள் தனி ரகம். நாலு நம்பர் லாட்டரி எடுத்து இழந்தவர் தம் நேரத்தை நொந்துகொள்வார். போக்கரில் இழந்தவரோ கணக்கையே தமக்குச் சாட்சியாக அழைப்பார். "கணக்குப் பார்த்துத்தான் கட்டினேன், அண்ணே, 35 விழுக்காடு வாய்ப்பு இருந்தது" என்று அண்மையில் ஒரு தம்பி சொன்னார். அவர் சொன்ன எண் சரியானது. அந்த எண்ணை எந்தத் தொகையோடு ஒப்பிட வேண்டும் என்பதில்தான் அவர் தவறினார். இதே தவற்றை நான் பலரிடம் காண்பதால், அவருடைய ஆட்டத்தை, அவர் ஒப்புதலோடும் அடையாளம் தெரியாதபடியும், விரிவாக எழுதுகிறேன்.

ஆட்டம் நோ-லிமிட் ஹோல்டம்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கட்டும் தொகைக்கு வரம்பில்லாத போக்கர் வகை. அவர் கையில் ஸ்பேடு பத்தும் ஸ்பேடு எட்டும் இருந்தன. மேசையில் விழுந்த முதல் மூன்று சீட்டுகள் ஸ்பேடு கிங், ஸ்பேடு நாலு, டைமன் இரண்டு. இன்னொரு ஸ்பேடு வந்தால் ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள். மேசை நடுவில் சேர்ந்த பந்தயப் பணமான பாட்டில் 60 வெள்ளி (ரிங்கிட்) இருந்தபோது, எதிரில் இருந்தவர் 60 வெள்ளி கட்டினார். அந்த எதிராளியிடம் மீதம் 120 வெள்ளி இருந்தது.

தெரியாத சீட்டுகள் 47, அவற்றில் ஸ்பேடு 9. அடுத்த சீட்டிலேயே ஸ்பேடு வருவதற்கான வாய்ப்பு 19.1 விழுக்காடு. கடைசிச் சீட்டு வரை இரண்டையும் பார்க்க முடிந்தால் அது 35 விழுக்காடு. 60 வெள்ளி கட்டி, பாட்டில் ஏற்கெனவே இருக்கும் 120 வெள்ளியை வெல்ல வேண்டுமானால், மூன்றில் ஒரு முறையாவது, அதாவது 33.3 விழுக்காடு, வெல்ல வேண்டும். 35 என்பது 33.3 விழுக்காட்டைவிட அதிகம்தானே என்று தம்பி கால் செய்தார், அதாவது எதிராளி கட்டிய தொகைக்கு ஈடாகக் கட்டினார். ஆனால் அந்த 60 வெள்ளி அவருக்கு வாங்கித் தந்தது ஒரே ஒரு சீட்டைத்தான். நான்காம் சீட்டில் ஸ்பேடு வரவில்லை. எதிராளி மீதமிருந்த 120 வெள்ளியையும் வைத்தார், தம்பி அதற்கும் ஈடு கொடுத்தார். ஆக, இரண்டு சீட்டுகளையும் பார்க்க அவர் கட்டியது 180 வெள்ளி, இறுதியில் பாட் 420 வெள்ளி. 420 வெள்ளியை வெல்ல 180 கட்டுபவர் ஏறத்தாழ 43 விழுக்காடு வெல்ல வேண்டும். அவரிடம் இருந்தது 35.

இரண்டு சீட்டுகளுக்கான வாய்ப்பை ஒரு சீட்டுக்கான விலையோடு ஒப்பிடுவது இந்த ஆட்டத்தில் மிகப் பரவலான பிழை என்பது என் கணிப்பு. கைப்பேசிக் காணொளிகளில் 35 என்ற எண் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது எந்த நிலையில் பொருந்தும் என்பது அந்த அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. எதிராளியிடம் அந்த 60 வெள்ளிக்கு மேல் எதுவுமே இல்லாமல், ஆட்டம் ஆல்-இன் (மேற்கொண்டு கட்டப் பணம் மிச்சமில்லாத நிலை) ஆகியிருந்தால், அந்தக் கால் சரியாக இருந்திருக்கும். அல்லது எதிராளி 60 வெள்ளி பாட்டுக்கு 15 வெள்ளி மட்டும் கட்டியிருந்தால், 75 வெள்ளிக்காக 15 கொடுப்பதற்கு 16.7 விழுக்காடே போதும் என்பதால், ஒரு சீட்டுக்கான 19.1 விழுக்காடே அதற்கு ஈடுகட்டிவிடும்.

ஃபிளஷ் வந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் கறக்கலாமே என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கைதேர்ந்தவர்களும் அதைக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆனால் அதையும் எண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பேடு வராத சீட்டுகள் 38, வருபவை 9 என்பதால், கட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கும் சுமார் 4.2 வெள்ளி திரும்பினால்தான் அடுத்த சீட்டுக்கான அந்த 60 வெள்ளி நட்டமில்லாமல் போகும். அதாவது 253 வெள்ளி வர வேண்டும். பாட்டில் 120 இருக்க, மிச்சம் 133 வெள்ளி எதிராளியின் பையிலிருந்து வர வேண்டும். எதிராளியிடம் இருந்ததே 120. மேசையில் மூன்றாவது ஸ்பேடு விழுந்ததைக் கண்டும் அவர் ஒவ்வொரு முறையும் கடைசி வெள்ளி வரை கொடுப்பார் என்று வைத்துக்கொண்டாலும் போதாது. போதாக்குறைக்கு, கையில் பத்தையே உச்சமாக வைத்து அடிக்கும் ஃபிளஷை ஏஸ் ஸ்பேடு வைத்திருப்பவரின் ஃபிளஷ் விழுங்கிவிடும்.

தாமே முந்திக்கொண்டு கட்டுவது வேறு விஷயம், அதற்கு உண்மையிலேயே மதிப்புண்டு. எதிராளி சீட்டைக் கவிழ்த்துவிட்டால் பாட் கைக்கு வரும், கவிழ்க்காவிட்டாலும் ஃபிளஷுக்கு வாய்ப்பு மிச்சமிருக்கும். இங்கே எவ்வளவு கட்டுவது என்பதே முழுக் கேள்வியும். பாட் 60 வெள்ளி, அதன்பின் இருவரும் மேற்கொண்டு எதுவும் கட்டாமல் இரண்டு சீட்டுகளையும் பார்க்கிறார்கள் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒன்றும் கட்டாமல் இருந்தாலே சராசரியாக 21 வெள்ளி அவர் பங்கு. அதைவிட மேலாக இருக்க, 20 வெள்ளி கட்டினால் எதிராளி 13 விழுக்காடு முறை கவிழ்த்தால் போதும். 40 கட்டினால் 24 விழுக்காடும், 60 கட்டினால் 32 விழுக்காடும் கவிழ்க்க வேண்டும். தொகை ஏற ஏற, எதிராளியின் பயத்தை நாம் மேலும் மேலும் நம்ப வேண்டியிருக்கிறது. இந்த ஊர்க் கடை மாடிகளிலும் தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறைகளில் வீடுகளிலும் நடக்கும் ஆட்டங்களில், கிங் ஒன்று கையில் பட்டவர் எளிதில் கவிழ்ப்பதில்லை. பார்த்துவிடலாம் என்றே உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவரிடம் பெரிய தொகையால் மிரட்டுவதாக எண்ணுவது, 35 விழுக்காடு வாய்ப்புக்குச் சரிபாதிப் பணத்தைப் போடுவதாகவே முடியும். மூன்று பேர் கூடவே கால் செய்யும் மேசையில் நிலைமை மாறும், அங்கே நான்கில் ஒரு பங்கு கொடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு வாங்குகிறோம். அப்போதும் ஏஸ் ஸ்பேடு கையில் இருப்பது நல்லது.

இனி, மேசை போடுபவர் எடுக்கும் கழிவு. மேலே சரி என்று சொன்ன அந்த ஆல்-இன் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 180 வெள்ளி பாட்டிலிருந்து ஐந்து விழுக்காடு, அதாவது 9 வெள்ளி, கழிந்தால் கைக்கு வருவது 171. அதற்கு 60 கட்டினால் தேவைப்படும் வாய்ப்பு 35.1 விழுக்காடு. இருந்த சிறிய இலாபமும் போய்விட்டது. நாட்டில் உரிமம் பெற்ற ஒரே சூதாட்ட விடுதி கெந்திங் மலையில் உள்ளது. ஊருக்குள் கழிவு எடுத்து நடத்தப்படும் மேசைகள் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டத்தின் கீழ் வருகின்றன, ஆட உட்கார்ந்தவரும் அதற்குத் தப்ப முடியாது.

ஒவ்வொரு முறையும் சரியான விலைக்கே கட்டுகிறவர் என்றாலும், ஃபிளஷ் அடுத்தடுத்து ஐந்து முறை வராமல் போக 11.6 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று. இதைத் தாங்க, மேசையில் வைக்கும் தொகையைப் போல இருபது மடங்காவது கையிருப்பு வேண்டும் என்பது ஆட்டக்காரர்களே தமக்குள் சொல்லிக்கொள்ளும் அளவு. 200 வெள்ளி மேசைக்கு அது 4,000 வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளியின் இரண்டு மாத ஊதியத்தைவிட அதிகம், அதுவும் வாடகைக்கோ பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ தேவைப்படாத பணமாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய பணத்தில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரே ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி எடுக்கலாம், உரிமமில்லாமல் கடன் கொடுக்கும் ஆலோங் கேட்கும் வட்டிக்கோ சட்டத்தில் இடமே இல்லை.

ஏற்கெனவே வங்கிக் கடனில் சிக்கியவர்கள், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆலோங் கடனாக இருந்தால் மிரட்டல் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். என்னிடம் வருகிறவர்கள் மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையோடு, நினைவில் நிற்கும் ஓர் ஆட்டத்தையும் தாளில் எழுதிக் கொண்டு வரட்டும். பாட்டில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு கட்டினீர்கள், எதிராளியிடம் எவ்வளவு மிச்சம் இருந்தது என்ற மூன்று தொகைகள் போதும், அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.