தேய்த்தாலும் போகாத எண்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, தாத்தா வாங்கின ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இன்னும் வீட்டுல நிக்கு. எந்த வருஷம் ஆலையில செஞ்சதுன்னு தெரியணும். சேசிஸ் நம்பர் இருந்த இடத்தை ஏதோ ஒரு பட்டறையில கிரைண்டர் வச்சுத் தேச்சுட்டாங்க. வழி இருக்கா?"

இருக்கிறது. முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். ஆனால் கார் பதிவான தேதி வேறு, ஆலையை விட்டு வெளிவந்த தேதி வேறு. இன்று எல்லா வண்டிக்கும் உள்ள 17 இலக்க அடையாள எண் 1980களில்தான் பரவியது. ஹெரால்ட் சென்னைப் பக்கம் 1961 முதல் தயாரானது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு வரிசை எண் போட்டது. அதனால் வண்டியில் குத்திய எண்தான் ஆதாரம்.

சரி, தேய்த்துவிட்ட எண்ணை எப்படிப் படிப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இரும்புத் தகடு கோடிக்கணக்கான நுண்படிகங்களால் ஆனது. படிகத்துக்குள் அணுக்கள் வரிசையாக நிற்கும். அங்கங்கே வரிசை பிசகும். அந்தப் பிசகுக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். சூடேற்றி மெல்ல ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் முதல் பத்து கோடி வரை இருக்கும். எண் குத்தும் பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடித்ததும் அச்சுக்கடியில் அது பத்தாயிரம் கோடிக்கும் மேலே போகலாம். கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திப் பாருங்கள், அந்த இடம் மட்டும் முரண்டு பிடிக்கும். பிசகுகள் ஒன்றையொன்று மறித்து நிற்பதுதான் காரணம்.

பஞ்ச் அடித்தால் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தோடு விஷயம் முடிவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயும் உலோகம் நசுங்கியிருக்கும். கிரைண்டர் பள்ளத்தை எடுத்துவிடும். அந்த நசுங்கல் அடியில் தங்கிவிடும். அடித்த அடியின் ஆற்றலில் பெரும்பகுதி சூடாகப் போய்விட, சிறு பங்கு அங்கேயே தேங்கி நிற்கிறது. ஆற்றல் தேங்கிய இரும்பு அமிலத்தில் பக்கத்து இரும்பைவிட வேறு வேகத்தில் கரையும். தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நீரும் கலந்த ஃப்ரை கரைசலை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். உப்புத்தாள் போட்டு மெருகேற்றிய பரப்பில் அதைப் பருத்திப் பஞ்சால் தடவத் தடவ, 4, 7, 1 என்று இலக்கங்கள் நிழலாக மேலே வரும்! சில இலக்கங்கள் வந்து மறைந்துவிடும். அதனால் வந்தவுடன் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் வெல்டு வைத்திருந்தால் கஷ்டம். சூட்டில் படிகங்கள் புதிதாக உருவாகி நசுங்கல் அழிந்துவிடும்.

திருட்டு வண்டி வழக்குகளில் தடய அறிவியல் ஆய்வகங்கள் செய்யும் வேலை இது. இத்தகைய ஆய்வகங்களுக்கு அரசு இன்னும் தாராளமாகப் பணமும் ஆளும் தர வேண்டும். நம் ஊரில் நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் ஆகாது என்று நல்ல வண்டியைத் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை துளியும் இல்லை. எண்ணுக்கு உள்ள ஒரே சக்தி, அது எந்த வரிசையில் வந்தது என்று சொல்வதுதான்.

அந்த வரிசையை ஒப்பிட ஆலையின் பேரேடு வேண்டும். பிரிட்டனில் கேடன் என்ற ஊரிலுள்ள மோட்டார் அருங்காட்சியகம், அங்கே தயாரான ட்ரையம்ஃப், மோரிஸ் கார்களுக்குப் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. மூடிப்போன நம் ஆலைகளின் பேரேடுகளும் அப்படி ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும், பழைய பேப்பர் கடைக்கு அல்ல.

பேரேடு கிடைக்காவிட்டால் உதிரிபாகங்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவற்றில் மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். மாற்றப்படாத பாகங்களில் எது கடைசியில் செய்ததோ, அதற்கு முன்னால் கார் தயாராகியிருக்க முடியாது.

அமிலத்தை வாங்கி வீட்டில் நீங்களே தடவ வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அனுமதியில்லாமல் எண்ணைத் திரும்பக் குத்துவது குற்றம். அப்புறம், சோதனை சேசிஸின் எஃகுச் சட்டகத்திலேயே நடக்கட்டும். எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. அது எஃகு அளவுக்கு நசுங்கிக் கொடுக்காது. அதில் தேய்த்த எண்ணை மீட்பது கடினம்.