நண்டு, கடகம், புற்று

வேலூர்ப் பக்கத்து ஏரிப் பாசன ஊர்களில், முந்தின நாள் பாய்ச்சிய நீர் விடிவதற்குள் வடிந்துபோயிருந்தால், மண்வெட்டியோடு வருகிறவர் முதலில் வரப்பின் அடியில் நண்டு வளையைத்தான் தேடுவார்; வாயில் ஈரமண் உருண்டைகள் குவிந்திருந்தால் அது ஆளுள்ள வளை. கடல் இல்லாத இந்தச் சீமையில் நண்டு என்ற சொல்லுக்கு முதற்பொருள் வயல் நண்டே.

நண்டின் பழைய வடிவங்கள் ஞண்டு, ஞெண்டு என்பன. குடியாத்தம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுவோரின் 'எண்ட்ரகாய'வும் இதே வேரிலிருந்து முதல் மெய் தேய்ந்து வந்ததே. சங்கப் பாடல்களில் அலவன் என்ற பெயரும் உண்டு. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் வரும் கள்வன் பத்தும் நண்டைப் பற்றியதுதான். திருடனை எதிர்பார்த்துப் படிப்பவர் ஏமாந்துபோவார்.

கடகம் என்பது வடமொழிக் கர்க்கடகத்தின் சுருக்கம். ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலையில் காவடி ஏறும் நாட்களில் சூரியன் நிற்பது இந்த ராசியில்தான். கையில் அணியும் கடகத்துக்கும் பனையோலைக் கடகத்துக்கும் நண்டோடு உறவில்லை.

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. வானியல் எழுதுவோர் 'கடக நெபுலா' என்று எழுதிவிடாதிருக்க வேண்டும். 1054-இல் சீனர்கள் கண்டு குறித்த விண்மீன் வெடிப்பின் மிச்சமான அந்த நெபுலா (வாயு மேகம்), அயர்லாந்து வானியலாளர் ரோஸ் பிரபு வரைந்த படத்தில் நண்டுபோல் தெரிந்ததால் பெயர் பெற்றது; அது இருப்பதோ ரிஷபத்தில். எனவே 'நண்டு நெபுலா' என்பதே சரி.

சிக்கல் மிகுவது புற்றுநோயின் பெயரில். கிரேக்க மருத்துவர்கள் நண்டைக் குறிக்கும் 'கார்கினோஸ்' என்ற சொல்லை இந்நோய்க்கு இட்டார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்த நாளங்கள் நண்டின் கால்களைப்போல் பரவியிருந்தன என்று அவர்களில் ஒருவரான காலென் விளக்கம் தந்தார். அதன் லத்தீன் நிகரே கேன்சர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றிய சந்துகளில் வங்காளி எழுத்தில் பலகை மாட்டிய விடுதிகள் பல. அங்கே வந்து தங்குவோரின் ஏட்டு வங்காளத்தில் இந்நோய் இன்றும் 'கர்கட ரோகம்', அதாவது நண்டு நோய். தமிழ் அந்த நண்டைக் கடன் வாங்கவில்லை. உள்ளே அறை அறையாகப் பிரிந்து, இடித்தாலும் மறுபடி எழும்பும் கரையான் புற்றை நினைவூட்டும் சொல்லை வைத்துக்கொண்டது. நோயின் போக்குக்கு நண்டைவிட இந்தப் படிமமே நெருக்கமானது என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் ராசிக்கும் நோய்க்கும் ஒரே சொல்லாக இருப்பதால், ராசிபலனை இயந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் பூசத்தில் பிறந்தவரை அது புற்றுநோய்க்காரர் ஆக்கிவிடுகிறது. கடகம் ராசிக்கும் பூமிப்படத்துக் கடக ரேகைக்கும், புற்று நோய்க்கு, மற்ற எல்லாவற்றுக்கும் நண்டு என்று பிரித்து எழுதினால் அந்தக் குழப்பம் நேராது.