‘ரெண்டு வருஷம் போட்டுத் தர்றாங்க’: கன்சல்டன்சிக்குப் பணம் கட்டும் முன்

இந்த மாதமும் அதே கதைதான். போலி அனுபவச் சான்று காட்டி வேலையில் சேர்ந்து ஐந்து வாரம் ஆன பிள்ளை. லேப்டாப் வாங்கிக்கொண்டு, டீமில் பழகி, முதல் சம்பளத்தையும் பார்த்தாகிவிட்டது. பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கை சிவப்பில் வந்தது. அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி, எல்லோரும் கேட்கிற கேள்விதான்: “பி.எஃப்.கூட கட்டியிருக்காங்களே, அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

எப்படி என்று கடைசியில் மாட்டிக்கொண்டு தெரிந்துகொள்வதற்குப் பதில், பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பு முடிந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் வேலை அமையாமல் போனவர்களிடம்தான் இந்த வலை விரிக்கப்படுகிறது. கன்சல்டன்சி என்ற பெயரில் இருப்பவர்கள், பார்க்காத வேலைக்கு இரண்டு, மூன்று வருட அனுபவம் “போட்டு”த் தருவார்களாம். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் தருவார்களாம். இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் பி.எஃப்., சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்றான ஃபார்ம் 16-கூட உண்டாம். அம்மாவின் வளையலை அடகு வைத்து இந்தப் பணத்தைக் கட்டுகிற வீடுகள் ஏராளம். “பி.எஃப். இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது” என்ற ஒரே வரியை நம்பித்தான் கட்டுகிறார்கள்.

அந்த வரி பொய். எதனால் பொய் என்பதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பி.எஃப். பாஸ்புக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, எந்த மாதச் சம்பளத்துக்கான தொகை என்பது. இன்னொன்று, அது கணக்கில் ஏறிய தேதி. ஒரு நிறுவனம் ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப். தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதனால் உண்மையாக வேலை பார்த்தவரின் பாஸ்புக்கில் அந்தத் தேதிகள் மாதா மாதம் நகர்ந்துகொண்டே போகும். போட்டுக்கொடுத்தவரின் பாஸ்புக்கில் 2022 ஜூனிலிருந்து 2024 மே வரைக்கும் 24 மாதம் வரிசையாக இருக்கும், தேதி மட்டும் 24 வரியிலும் ஒரே வாரத்தில் விழுந்திருக்கும். சரிபார்ப்பவர் அந்தப் பக்கத்தைப் புரட்ட அரை நிமிடம்கூட ஆகாது. அவர் தொகையைப் பார்ப்பதற்கு முன் தேதியைத்தான் பார்க்கிறார்.

அடுத்தது லெட்டர்ஹெட். கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி பதிவான எந்த நிறுவனமும் தன் கடிதத்தாளில் சி.ஐ.என். என்கிற நிறுவன அடையாள எண்ணை அச்சிட வேண்டும். அது மொத்தம் 21 இடங்கள் கொண்ட எண். அதில் 9-ஆவது இடத்திலிருந்து 12-ஆவது இடம் வரை உள்ள நான்கு இலக்கம், நிறுவனம் பதிவான ஆண்டு. அங்கே 2023 என்று இருக்கும். கீழே கடிதத்தில் “2021 ஆகஸ்ட் முதல் எங்களிடம் பணியாற்றினார்” என்று இருக்கும். பிறக்காத கம்பெனியில் வேலை பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுகூட வாங்கிய பிள்ளைக்குத் தெரியாது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் அது இயங்குகிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்பதும் வந்துவிடும். அதையும் தாண்டினால் முகவரிக்கு ஆள் போவார். அங்கே மென்பொருள் நிறுவனம் இருக்காது, ஒரு குடும்பம் குடியிருக்கும்.

பிறகு வருமான வரியின் 26ஏஎஸ், அதாவது உங்கள் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்று காட்டும் அறிக்கை. சம்பளத்தில் பிடித்த வரியும், தொழில்முறைக் கட்டணத்தில் பிடித்த வரியும் வேறு வேறு பிரிவில்தான் பதிவாகும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாவது 192, இரண்டாவது 194ஜே. நிரந்தர ஊழியர் என்று ரெஸ்யூமே சொல்லும், 26ஏஎஸ் 194ஜே என்று சொல்லும். சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தம் என்று ஒரு தொகை இருக்கும், 26ஏஎஸ்-இல் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. கணினியில் தட்டச்சு செய்த ஃபார்ம் 16-ஐ வைத்து இதை மறைக்கவே முடியாது.

இத்தனைக்கும் இதில் எதையும் யாரும் திருட்டுத்தனமாக எடுப்பதில்லை. ஆஃபரோடு வந்த ஒப்புதல் படிவத்தில் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். தவறான தகவல் எப்போது தெரிந்தாலும் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற வரி நியமனக் கடிதத்திலேயே இருக்கிறது. சேர்ந்த பிறகும் சரிபார்ப்பு நடக்கும். “சேர்ந்துட்டேன், தப்பிச்சேன்” என்று நினைக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றுதல் பிரிவு 318, போலி ஆவணம் பிரிவு 336, போலியை அசல் என்று பயன்படுத்துவது பிரிவு 340. ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலி ஆவணத்துக்கு ஏழாண்டு வரை சிறை. அச்சடித்தவன் மட்டுமல்ல, தெரிந்தே நீட்டியவரும் பொறுப்பு. நிறுவனங்கள் பெரும்பாலும் நீக்குவதோடு விட்டுவிடுகின்றன. ஆனால் யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண் விடாது. அந்த 12 இலக்க எண் ஒருவருக்கு ஒன்றுதான், வேலைக் காலம் முழுக்க உங்களோடு வரும். பணம் கட்டி ஏற்றிய பொய் நிறுவனத்தின் பெயர் அதன் பணி வரலாற்றில் நிற்கும். நாளைக்கு நீங்கள் உழைத்து உண்மையாகவே பத்து வருட அனுபவம் சேர்த்த பிறகும் அந்த ஒரு வரிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கும் ஆதாரமாக இருப்பது ஒரே ஒரு பயம்: “கேப் இருந்தா எடுக்க மாட்டாங்க.” கேப், அதாவது வேலையில்லாமல் போன இடைவெளி, இருந்தால் கேள்வி வரும், அது உண்மை. சில நிறுவனங்கள் ஃப்ரெஷர் எடுக்கும்போது தேர்ச்சி ஆண்டை வைத்து வடிகட்டும், அதுவும் உண்மை. ஆனால் கேப் என்பது கேட்டுத் தெளிந்துகொள்ளும் விஷயம், போலி ஆவணம் நிராகரிக்கும் விஷயம். சரிபார்ப்பு அறிக்கையில் பச்சை, ஆம்பர் (மஞ்சள்), சிவப்பு என்று மூன்று நிறம் உண்டு. சொல்லிவிட்ட கேப் பெரும்பாலும் பச்சையிலேயே போய்விடும். ஒரு காகிதம் குறைந்தாலோ தேதி சில நாள் பிசகினாலோ ஆம்பர், விளக்கம் கேட்பார்கள். போலி என்றால் நேராகச் சிவப்பு. பச்சையில் போயிருக்க வேண்டியதைக் காசு கொடுத்துச் சிவப்பாக்கிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சின்ன நிறுவனத்தில் உண்மையாகவே வேலை பார்த்தவர்களும் “எனக்கு பி.எஃப். இல்லையே” என்று பயந்து இந்தக் கும்பலிடம் போகிறார்கள். பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். இல்லாதது குற்றமும் இல்லை, குறையும் இல்லை. அங்கே உங்கள் சாட்சி வங்கிக் கணக்குதான். சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள், தொகை சிறியதாக இருந்தாலும் கணக்கில் போடச் சொல்லுங்கள். வேலையில் சேரும் அன்றே தேதி, பதவி, சம்பளம் மூன்றும் உள்ள நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். “நம்ம ஆள்தானே, அப்புறம் பாத்துக்கலாம்” என்பார்கள். அப்புறம் அந்த நிறுவனம் மூடிப்போனால் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். மாதா மாதம் ஒரே பெயரிலிருந்து ஏறிய சம்பளமும், ஒரு நியமனக் கடிதமும், ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலும் இருந்தால் மூடிப்போன நிறுவனத்தின் அனுபவத்தைக்கூட நிரூபித்துவிடலாம்.

உண்மையான அனுபவத்துக்கு ஒரு வழி அப்ரண்டிஸ்ஷிப். அதை ஏன் இத்தனை பேர் ஏளனமாகப் பார்க்கிறார்கள் என்பது புரியவில்லை. அப்ரண்டிஸ் சட்டம் 1961-இன்கீழ் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் ஓராண்டுப் பயிற்சி கிடைக்கிறது. உதவித்தொகை உண்டு, ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகிறது, முடித்தால் சான்றிதழ் கிடைக்கிறது. அதை நிரூபிக்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். இந்தப் பயிற்சிக்கான அரசுத் தளமான நாட்ஸில் பதிவு செய்யுங்கள். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. இந்தச் சட்டத்தின்கீழ் வரும் அப்ரண்டிஸுக்கு பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

வேலையே கிடைக்காத மாதங்களில் என்ன செய்வது? பன்னிரண்டு ஆன்லைன் சான்றிதழ் சேர்ப்பதைவிட ஒரே ஒரு மென்பொருள் ப்ராஜெக்டை முழுதாக முடியுங்கள். வெறும் லாகின் பக்கத்தோடு நிறுத்தாமல், பிறர் பயன்படுத்தும்படி அதை இணையத்தில் ஏற்றுங்கள். நான்கு பேரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். உடையும். என்ன உடைந்தது, எதனால், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். எழுதிய நிரலைத் தேதியோடு பதிவுசெய்யும் கிட் (Git) கருவியில் தினம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கிட் வரலாறும் பாஸ்புக் மாதிரிதான்: ஐந்து மாதம் பரவிக் கிடந்தால் அது உழைப்பு. நாற்பது ஃபைல் ஒரே இரவில் ஏறியிருந்தால் யாரும் கேட்காமலேயே தெரிந்துவிடும்.

நேர்முகத்தில் அனுபவம் எப்படி வெளிப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மென்பொருளில் பக், அதாவது பிழை, கண்டுபிடிக்கும் இரண்டு வருட டெஸ்டர் என்று வந்தவரிடம் வரையறைகளைக் கேட்கவே தேவையில்லை. “நீங்க போட்ட பக் ஒன்றை டெவலப்பர் ஏத்துக்காம திருப்பி அனுப்பியிருப்பாரே, அதுல ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டால் போதும். நிஜமாக வேலை பார்த்தவருக்கு முகம் மாறும், கொஞ்சம் கோபம்கூட வரும், பெயர், நாள், சண்டை எல்லாம் கொட்டும். போட்டுக்கொண்டு வந்தவர் பக்கின் வாழ்க்கைச் சுழற்சியை ஒப்பிப்பார். தப்பித்தவறி உள்ளே வந்துவிட்டாலும், மூன்று வருட அனுபவசாலிக்குத் தரும் வேலையை முதல் வாரமே மேசையில் வைப்பார்கள். கற்றுக்கொடுக்க யாரும் உட்கார மாட்டார்கள். ஃப்ரெஷராக வந்திருந்தால் தாராளமாகக் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளைக்கூடக் கேட்க முடியாமல் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நேர்மையாக இருப்பவர்களும் கவனக்குறைவால் மாட்டுகிற இடங்கள் உண்டு. முதலாவது, நம் ஊர் இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பான் அட்டையில் அதுவே குடும்பப் பெயராக முன்னும் பின்னும் மாறி. வேலை தேடத் தொடங்கும் முன்பே ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே எழுத்துக்கோர்வைக்குக் கொண்டுவாருங்கள். மார்க் ஷீட்டோடு வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, வேலையை விடும் விதம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். “அப்ஸ்காண்டிங்” என்ற ஒரு சொல், இரண்டு வருட உண்மையான உழைப்பையும் சந்தேகத்துக்கு உரியதாக்கிவிடும். நோட்டீஸ் காலத்தை முடியுங்கள். அலுவலக மெயில் மூடும் முன் சம்பளச் சீட்டுகளையும், நியமன, ஊதிய உயர்வுக் கடிதங்களையும் உங்கள் சொந்த மெயிலுக்கு வாங்கிவிடுங்கள், நிறுவனத்தின் வேலைக் கோப்புகளைத் தொடவே தொடாதீர்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனம் போடாவிட்டால், விலகி இரண்டு மாதம் கழிந்ததும் நீங்களே தளத்தில் போட்டுக்கொள்ளலாம். போடாமல் விட்டால் ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்த்ததுபோல் தெரியும். புது இடத்தில் பி.எஃப்.-க்கான ஃபார்ம் 11 நிரப்பும்போது பழைய யு.ஏ.என்.-ஐத் தவறாமல் எழுதுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி, யு.ஏ.என்.-இல் அந்தப் பெயரை ஏற்றிவிட்டவர்களுக்கு: இன்றே ரெஸ்யூமேயிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். நவுக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலிருந்தும் எடுங்கள். அடுத்த ஆஃபர் வரும்போது, சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், ஹெச்.ஆருக்கு மெயிலில் சொல்லிவிடுங்கள். சில இடத்தில் வேண்டாம் என்பார்கள், அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். பெரிய விளக்கம் வேண்டாம், இந்த அளவு போதும்: “என் யு.ஏ.என். பணி வரலாற்றில் 2022 ஜூன் முதல் 2024 மே வரை ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. நான் அங்கே வேலை செய்யவில்லை, ஓர் ஏஜென்ட் மூலம் அது பதிவானது, அதற்கு உடன்பட்டது என் தவறு. அந்தக் காலத்தை நான் அனுபவமாகக் கணக்கில் காட்டவில்லை. என் உண்மையான அனுபவத்துக்கான ஆவணங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.”