ஒரு பீனின் ஆயுள் யார் கையில்?

ஒருவர் லாகின் செய்கிறார். திரையில் இன்னொருவரின் பெயரும் அவருடைய ஆர்டர்களும் தெரிகின்றன. டெவலப்பரின் கணினியில் இந்தக் கோளாறு ஒருநாளும் தலைகாட்டாது, ஏனென்றால் அங்கே பயனர் ஒருவர்தான். சர்வரில் ஒரே நொடியில் இருவர் நுழையும்போதுதான் வெளிப்படும். நான் பார்த்த இப்படிப்பட்ட கோளாறுகளில் பெரும்பாலும் தர்க்கம் சரியாகவே இருந்தது. பயனரின் பெயரை வைத்திருந்த ஃபீல்டு, எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான, அதாவது அப்ளிகேஷன் ஸ்கோப் கொண்ட பீனுக்குள் (கன்டெய்னர் நிர்வகிக்கும் ஆப்ஜெக்டுக்குள்) இருந்தது. அதுதான் தவறு.

ஜாவாவில் நாமே நியூ போட்டு உருவாக்கும் ஆப்ஜெக்டை, அதை யாரும் பிடித்துவைத்திராத நிலையில் கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போகும். ஒரு ஆப்ஜெக்டுக்குத் தேவையானவற்றை வெளியிலிருந்து செருகிக் கொடுக்கும் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனில் அந்தப் பொறுப்பு, ஆப்ஜெக்டுகளை நிர்வகிக்கும் மென்பொருளான கன்டெய்னருக்குப் போய்விடுகிறது. எப்போது உருவாக்குவது, யாரோடு பகிர்வது, எப்போது அழிப்பது என்ற மூன்று கேள்விக்கும் நாம் எழுதித்தரும் ஒரே பதில்தான் ஸ்கோப். 2009-இல் ஜாவா இஇ 6-உடன் ஜேஎஸ்ஆர் 299 என்ற எண்ணில் வந்த சிடிஐ (கான்டெக்ஸ்ட்ஸ் அண்ட் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்) என்ற தரநிலை இதை முறைப்படுத்தியது. இன்று அது, ஜாவா இஇ-யின் இன்றைய வடிவமான ஜகார்த்தா இஇ-யின் பகுதி.

ரிக்வெஸ்ட் ஸ்கோப் என்றால் ஒரு எச்டிடிபி கோரிக்கை முடியும்வரை. செஷன் என்றால் அந்தப் பயனரின் செஷன் முடியும்வரை. அப்ளிகேஷன் என்றால் செயலி நிற்கும்வரை. கான்வர்சேஷன் என்று ஒன்றும் உண்டு, பல பக்கங்களாக நீளும் படிவங்களுக்கு. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சுவையான விஷயம் அடுத்துத்தான் இருக்கிறது.

மேலே சொன்ன கோளாறைத் திருத்த, பயனரின் பெயரை ரிக்வெஸ்ட் ஸ்கோப் கொண்ட தனி பீனுக்கு மாற்றி, அதை ஆர்டர் சர்வீஸுக்குள் இன்ஜெக்ட் செய்கிறோம். ஆர்டர் சர்வீஸோ அப்ளிகேஷன் ஸ்கோப், மாதக்கணக்கில் உயிரோடிருப்பது. அதன் ஃபீல்டில் இன்ஜெக்‌ஷன் நடப்பது ஒரே ஒரு முறை. அப்படியிருக்க, நொடிக்கு நூறு கோரிக்கைகள் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் சரியான பயனர் எப்படிக் கிடைக்கிறார்?

அந்த ஃபீல்டில் இருப்பது பயனர் பீனே கிடையாது. அது கிளையன்ட் ப்ராக்ஸி. "மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு" என்று பதவிப் பெயரிட்டு அனுப்பும் மனுவைப் போன்றது. நாற்காலியில் இருப்பவர் மாறினாலும், மனு சேரும் நாளில் யார் அமர்ந்திருக்கிறாரோ அவர் கைக்குப் போகும். ப்ராக்ஸியின் மெத்தடை அழைத்ததும் அது கன்டெய்னரிடம், "இப்போது நடக்கும் கோரிக்கைக்கு உரிய பயனர் பீன் எது?" என்று கேட்கிறது. இருந்தால் அதற்கே அழைப்பைத் தள்ளிவிடுகிறது. இல்லையென்றால் அப்போதுதான் ஒன்று பிறக்கிறது. சிடிஐ-யை நடைமுறைப்படுத்தும் மென்பொருளான வெல்டில் ஓடும் செயலியில், இன்ஜெக்ட் ஆன ஆப்ஜெக்டின் கிளாஸ் பெயரைக் கெட்கிளாஸ் கொண்டு அச்சிட்டுப் பாருங்கள். உங்கள் கிளாஸின் பெயரோடு ப்ராக்ஸி என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இது புரிந்துவிட்டால், மனப்பாடம் செய்ய வேண்டியவைபோலத் தோன்றும் பல விதிகள் தாமாகவே விளங்கும். ப்ராக்ஸி நம் கிளாஸின் சப்கிளாஸ். அதனால்தான் கிளாஸை ஃபைனலாக வைக்கக்கூடாது. ஃபீல்டை நேரடியாகத் தொட்டால் ப்ராக்ஸியால் இடைமறிக்க முடியாது; அதனால்தான் இத்தகைய பீன்களில் பப்ளிக் ஃபீல்டுக்குத் தடை. ப்ராக்ஸியை உருவாக்கும்போதும் நம் கன்ஸ்ட்ரக்டர் ஓடக்கூடும் என்பதால், தொடக்க வேலைகளை, பீன் தயாரானபின் கன்டெய்னர் அழைக்கும் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடில் வைக்கச் சொல்கிறார்கள். நாமே ஒரு த்ரெட் தொடங்கி அதற்குள்ளிருந்து பயனர் பீனை அழைத்தால், கான்டெக்ஸ்ட் ஆக்டிவாக இல்லை என்று எக்செப்ஷன் வரும். நடப்புக் கோரிக்கை எது என்பது நடைமுறையில் த்ரெட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. புது த்ரெட்டில் அந்த நாற்காலியே இல்லை.

ஒன்றை மட்டும் ப்ராக்ஸி செய்யாது: பூட்டுவது. அப்ளிகேஷன் ஸ்கோப் பீனுக்குள் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் நுழைந்தால் சிடிஐ தடுக்காது. ஜாவா இஇ-யின் இன்னொரு பீன் வகையான இஜேபி-யில், செயலிக்கு ஒன்றே ஒன்றாக இருக்கும் சிங்கிள்டன் இயல்பாகவே பூட்டுப் போடும். அந்தப் பழக்கத்தோடு சிடிஐ-க்கு வருபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

ஸ்கோப் எதுவும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? என் பார்வையில் பயிற்சி வகுப்புகள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். இன்னொரு ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங்கில் அப்போது கிடைப்பது சிங்கிள்டன். சிடிஐ-யில் கிடைப்பது டிபென்டென்ட்: இன்ஜெக்ட் செய்யும் ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாக ஒன்று. இதற்குக் கிளையன்ட் ப்ராக்ஸி கிடையாது, சொந்த ஆயுளும் கிடையாது. தன்னை வைத்திருப்பவர் இறக்கும்போதுதான் இதுவும் இறக்கும். அப்ளிகேஷன் பீனுக்குள் போனால் செயலி நிற்கும்வரை இருக்கும்.

ஜாவாவில் வலைப்பக்கங்களை அமைக்கும் ஜேஎஸ்எஃப் காலத்துச் செயலிகளில் இது இன்னொரு வேடத்தில் வரும். ரிக்வெஸ்ட்ஸ்கோப்டு என்ற ஒரே பெயரில் இரண்டு பேக்கேஜ்களில் அன்னோட்டேஷன்கள் இருந்தன. ஐடிஇ காட்டிய பட்டியலில் ஜேஎஸ்எஃப்-இன் பேக்கேஜைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சிடிஐ அதைக் கண்டுகொள்ளாது. பீன் சத்தமில்லாமல் டிபென்டென்ட் ஆகிவிடும். கம்பைல் ஆகும், ஓடும், ஆனால் பக்கத்தில் நிரப்பிய மதிப்பு காணாமல்போகும். அப்படிப்பட்ட பழைய கோடைக் கையில் எடுப்பவர்கள் முதலில் இம்போர்ட் வரிகளைப் படியுங்கள்.

மெமரி கசிவும் இதே வேரிலிருந்து கிளம்பும். அப்ளிகேஷன் பீனுக்குள் இன்ஸ்டன்ஸ் என்ற இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் கெட் அழைத்து டிபென்டென்ட் பீன் ஒன்றை எடுக்கிறோம். வேலை முடிந்தது, மாறியை விட்டுவிட்டோம், கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். ஆனால் அழிக்கும் முன் ஓட வேண்டிய அதன் ப்ரீடெஸ்ட்ராய் மெத்தடை ஒருநாள் அழைக்க வேண்டுமே என்று கன்டெய்னர் அதைப் பிடித்துவைத்திருக்கலாம். கெட் அழைத்த ஒவ்வொரு முறையும் ஹீப்பில் ஒன்று கூடும். ஜாவா இஇ 7-உடன் வந்த சிடிஐ 1.1 முதல் அதே இன்டர்ஃபேஸில் டெஸ்ட்ராய் என்ற மெத்தட் இருக்கிறது. கெட்டை ட்ரைக்குள் வைத்தால், டெஸ்ட்ராயை ஃபைனலியில் வையுங்கள்.