படிவத்தை நீட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் படிவத்தை நீட்டினால், பலர் பேனாவைத் தொடுவதே இல்லை. அறியாமை என்று எங்கள் மருத்துவத் துறையில் சிலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘என் உடம்பு, என் முடிவு’ என்று நினைப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட படிவம் அது. எதையும் கூடிப் பேசியே முடிவெடுக்கும் குடும்பத்துக்கு அதில் இடமில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் முதியோர் 800 பேரிடம் நடத்திய ஆய்வு 1995இல் வெளியானது. புற்றுநோய் பரவிவிட்டதை நோயாளியிடமே சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். அதே ஆண்டு அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரைப் பற்றி வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. கெட்டதை வாய்விட்டுச் சொன்னாலே அது நடந்துவிடும் என்பது அவர்கள் மரபு. ‘உங்கள் மூச்சு நின்றால் என்ன செய்யட்டும்?’ என்று கேட்கும் மருத்துவர் அவர்களுக்குச் சாபமிடுபவர் போலத்தான் தெரிவார்.

அதற்காகப் பேசாமல் இருக்க முடியாது. பேசாத குடும்பங்கள்தான் ஐசியூ வாசலில் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. நான் முதலில் கேட்பது இதைத்தான்: “நோயைப் பற்றி எல்லாவற்றையும் உங்களிடமே சொல்லட்டுமா, வேறு யாரிடமாவது பேசட்டுமா?” ‘மகளிடம் பேசுங்கள்’ என்றால் அதுவும் அவருடைய முடிவுதான், அவர் சொன்ன வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவேன். பிறகு, “நிலைமை முற்றினால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று சிலர் சொல்லிவைக்கிறார்கள், எல்லாம் செய்து பாருங்கள் என்கிறார்கள் சிலர்” என்று பிறர்மேல் வைத்துப் பேசினால், ஒதுங்கியவரும் வாய் திறப்பார்.

‘இவர்கள் இப்படித்தான்’ என்று நாமே முடிவுகட்டுவதும் ஆபத்து. அந்தக் கொரியர்களிலேயே ஏறத்தாழப் பாதிப் பேர் ‘சொல்லுங்கள்’ என்றவர்கள்தானே! “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்று மகள் வெளியே கெஞ்சுவார். உள்ளே போனால், “எனக்குத் தெரியும். பிள்ளைங்க தாங்க மாட்டாங்க, அவங்ககிட்ட சொல்லாதீங்க” என்பார் அப்பா. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைப்பதே பாதி சிகிச்சை. இத்தகைய படிவம் பற்றித் தைவானில் 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. கையெழுத்துக்கு முந்தைய ஆலோசனையில் நெருங்கிய உறவினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி.

படிவம் பிடிக்காவிட்டால் போகட்டும், உங்களுக்குப் பதிலாகப் பேச ஒருவரையாவது சொல்லிவையுங்கள். மூத்தவர் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உறவுக்கூட்டம் மொத்தமும் எதிர்த்து நின்றாலும், ‘அம்மா கேட்டது இதுதான்’ என்று சொல்லக்கூடியவரா என்று பாருங்கள். அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்தான் என்பது மற்ற பிள்ளைகளுக்கும் இப்போதே தெரிந்திருக்கட்டும்.